அர்மெல் வியோலெட் மூட்டிய ஆயில் அடுப்பு

அர்மெல் வியோலெட் தம் வாழ்நாளில் பாதியை மற்றவர்களின் லாரிகளுக்கு அடியில் படுத்தே கழித்தவர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அந்தப் பக்கம் கனடா. இரண்டு கரையிலும் உருளைக்கிழங்கு விவசாயிகளின் வண்டி நின்றுபோனால் அவரைத்தான் தேடுவார்கள். கூலி கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் அறுவடை முடிந்து டிராக்டர்களுக்கு ஆயில் மாற்றும்போது, வடித்த கறுப்பு ஆயிலைக் கேனில் பிடித்து அவர் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவது ஊரில் பழக்கமாகிவிட்டது. யாருடைய கேனையும் அவர் வேண்டாம் என்றதில்லை. வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடிவிடும்.

அந்த ஆயில் அவருக்கு உயிர்போலத் தேவைப்பட்டது. மனைவி லொரெட் கிழங்குக் கிடங்கின் தூசியில் வருடக்கணக்காக நின்று வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஜோலீன் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“வீடு கதகதப்பா இருக்கிற வரைக்கும் இவங்க இங்கயே இருக்கலாம். குளிர் ஏறிச்சுன்னா டவுன்ல இருக்கிற முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்பணும்.”

“அங்க என் நாத்தனார் இருக்கா,” என்றார் லொரெட். “செத்தாலும் அவ பக்கத்துக் கட்டில்ல படுக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை அர்மெலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என்னை அனுப்பிராத” என்றார்.

கடையில் விற்கும் எரிஎண்ணெயை வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்க எரிப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அர்மெல் நிலவறையில் இறங்கி அடுப்பு செய்ய ஆரம்பித்தார். ஓட்டை விழுந்த பழைய வெந்நீர்த் தொட்டி அடுப்பின் உடம்பானது. லாரியின் பிரேக் டிரம் எரிசட்டி. காற்றுக்கு நடுவில் துளைபோட்ட இரும்புக் குழாய். மேலே மாட்டிய டின்னிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் போட்டுப் பற்றவைத்தால் முதலில் புகையும். சட்டி பழுக்கக் காய்ந்ததும் புகை அடங்கி, அடுப்பு உறும ஆரம்பிக்கும்.

சூடு மேலே ஏறுவதற்காகக் கூடத்துத் தரையில் ஒரு சதுரம் அறுத்து இரும்புக் கம்பிச் சட்டம் பதித்தார். லொரெட்டின் நாற்காலி அதை ஒட்டியே கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கம்பி வழியாகத்தான் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

“கீழ என்ன கல்யாணமா நடக்குது? இவ்வளவு சத்தம்!”

“பொண்ணு மேல உக்காந்திருக்கா. மாப்பிள்ளைதான் கரியாயிட்டான்.”

“அன்னைக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சு? பொண்ணு பாக்க வந்தவன் கையெல்லாம் கிரீஸு. கார் ரிப்பேர் பாக்க வந்தவன்னு எங்கப்பா பானெட்டைத் தொறந்துவிட்டாரு!”

“ரிப்பேரும் பாத்தேன்ல?”

இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது. அடுப்பு விஷயத்தில் அர்மெல் ஒரு விதியை மீறியதே இல்லை. வந்த கேன் எதுவானாலும் ஒரு வாரம் அடுப்புப் பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். மேலாக இருப்பதை மட்டும் வடிகட்டி எடுப்பார்.

மூன்றாம் வருட ஜனவரியில் வந்த குளிர் போக மறுத்தது. தெளியவைத்த ஆயில் எல்லாம் தீர்ந்துவிட்டது. கொட்டகையில் இருந்த கேன்களைக் கவிழ்த்தால் ஆயில் தார் போல அசையாமல் நின்றது. அன்று மத்தியானம் பக்கத்துப் பண்ணை ஓடிலோன் ஒரு கேனைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தான்.

“அர்மெல் மாமா, இது வெளியிலதான் கெடந்துச்சு. காலையிலேர்ந்து எங்க சமையலறை அடுப்புகிட்ட வெச்சு எளக்கியிருக்கேன். தொட்டுப் பாருங்க, குழந்தை மாதிரி சூடா இருக்கு.”

“மகராசன்டா நீ!”

ஓடிலோன் நல்லதுதான் நினைத்தான். ஆனால் வெளியே கிடந்தபோது அந்தக் கேனின் மூடி திறந்திருந்ததையும், அதற்குள் பனி விழுந்திருந்ததையும் அவன் யோசித்துப் பார்க்கவில்லை. சமையலறைச் சூட்டில் ஆயிலும் இளகியது, பனியும் உருகியது. அர்மெலுக்குக் கேனை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் மேலே லொரெட் குளிரில் பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார். அர்மெல் அந்தக் கேனை அப்படியே டின்னில் ஊற்றினார்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு பழுத்த சட்டியில் தண்ணீர் இறங்கியது. பட்பட்டென்று வெடித்து, எரிகிற ஆயில் வெளியே தெறித்தது. அர்மெல் குழாயை அடைத்துவிட்டு மணலை வாரிக் கொட்டினார். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. சூடு ஏற அவரே வெட்டிய வழியில் அது கறுப்பாக ஏறிப் போனது.

“லொரெட்! எந்திரிச்சு வாசலுக்குப் போ!”

“முடியல...” என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அவர் மேலே ஓடி மனைவியைத் தூக்கிக்கொண்டு பனியில் போய் நின்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை லொரெட் இருமிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அர்மெல் அடுப்பைப் பிடுங்கி முற்றத்தில் வீசிவிட்டு, ஜோலீனிடம் போய் நின்றார்.

“எடுத்துட்டேம்மா. இனிமே புகை வராது.”

“சரி, அப்போ வீடு எப்படிச் சூடாகும்?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

தினமும் போய்க் கட்டில் பக்கம் உட்கார்ந்திருப்பார். “எப்ப கூட்டிட்டுப் போவ?” என்று லொரெட் கேட்பார். “குளிர் விடட்டும்,” என்பார் அர்மெல். ஆற்றில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்த வாரம் லொரெட் அங்கேயே இறந்துபோனார்.

அடக்கத்துக்கு முந்தைய மாலை, மாதா கோயில் நடையில் ஓடிலோன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் செத்துக் கிடந்தது.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அது என் கேனா? நான் கொண்டுவந்ததா?”

அர்மெல் சவப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தார்.

“இல்லடா. உன்னுது தனியா அப்படியே இருந்துச்சு. நான்தான் என் பழைய கேனைத் தெளியவைக்காம ஊத்திட்டேன்.”

ஓடிலோன் அவர் தோளில் சாய்ந்து உடைந்து அழுதான். “நிம்மதி மாமா... அத்தையை நான் கொன்னுட்டேன்னு இத்தனை நாளா தூக்கமே இல்ல.” பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

ஓடிலோன் அதை நாலு பேரிடம் சொல்ல, ஊர் முழுக்கப் பரவியது. அர்மெல்தான் அவசரப்பட்டுவிட்டார் என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. அவசரப்பட்டது அவர்தானே.