பத்மா அக்கா குனிந்து பார்த்த கார்கள்

செய்தி வந்தபோது நான் டோர்வலில் ஒரு கராஜில், பனிக்கால டயர் மாற்றுவதற்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் இலை பழுக்கத் தொடங்கியதும் பத்மா அக்காதான் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்து நேரம் பதிந்து வைப்பார். முதலில் என் கார், பிறகு அவருடையது. இந்த முறையும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே பதிந்திருந்தார். என் கார் மேலே ஏறி நின்ற நேரத்தில் அவருடைய மகள் நிரோ அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. காலமை ஏழு மணிக்கு," என்றாள். சற்றுநேரத்தில் மெக்கானிக் வந்து, அடுத்தது மதாம் பத்மாவின் கார்தானே, அவர் வந்துவிட்டாரா என்று பிரெஞ்சில் கேட்டார். வரமாட்டார் என்றேன். அந்த இடத்துக்கு வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நிரோ கேட்டாள். அவருடைய பொறுமையைப் பற்றியும் கைமணத்தைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். பொறுமை அவரிடம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் எழுதவேண்டியது வேறு.

அவர் திருகோணமலைக்காரர். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் டோர்வல் சமையற்கூடத்தில் பத்தொன்பது வருடம் தட்டு அடுக்கினார். அதில் பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்றார். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடுகளுக்கு இடையே இரண்டு தெருதான். ஒரு வாரம் அவருடைய காரில், மறு கிழமை என்னுடையதில் வேலைக்குப் போவோம். நம்மவர்களில் கார் வாங்க நினைக்கும் பெண்கள், வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முதல் பத்மா அக்காவைத்தான் கேட்பார்கள். அதில் சில வீட்டுக்காரர்களுக்கு உள்ளூரக் கோபமும் இருந்தது.

ஒருநாள் அந்த வருடத்தின் முதல் பனி கொட்டியது. அவருடைய கார், இரண்டு சக்கரம் மட்டுமல்ல, நான்கு சில்லுகளும் இழுக்கும் கார். "இந்தக் காருக்கு என்னக்கா பயம், ஸ்நோவென்ன மழையென்ன," என்று நான் பக்கத்திலிருந்து அளந்துகொண்டிருந்தேன். அவர் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் வெறும் கார்த் தரிப்பிடத்துக்குள் காரைத் திருப்பினார். வேகமாக ஓட்டிப் போய் பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போய், குவித்து வைத்திருந்த பனிமேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. என் மடியிலிருந்த சோற்றுப்பெட்டி காலடியில் கொட்டுண்டு கிடந்தது.

"கண்டியோ? நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிட்டுப் போகத்தான். நிக்கிறதுக்கு எல்லாக் காரும் ஒண்டுதான்," என்றார்.

டோர்வல் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார், ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

காரை அவர் பராமரித்த விதத்தில் நேர்த்தி என்பதைவிடச் சந்தேகம்தான் அதிகம் இருந்தது. நான்கு டயர்களையும் தினமும் கையால் தடவிப் பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்தால் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும் என்பார். இரண்டு டயரை மட்டும் புதிதாகப் போட்டு வந்தவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில், துருப் பிடிக்காமல் அடிப்பக்கம் முழுவதும் எண்ணெய் அடிப்பிப்பார். மாசியில் ஒருநாள் குளிர் இளகினாலும் போதும், வேலை முடிந்த கையோடு அடிப்பக்கத்தைக் கழுவ ஓடுவார். பனி உருகத் தெருவில் கொட்டும் உப்பின்மீது அவருக்கு இருந்த பயம் எனக்கு அப்போது பகிடியாக இருந்தது.

"நீ துடைச்சு மினுக்கிற பக்கத்தை உப்புத் தொடாது பிள்ளை. அது கீழயிருந்துதான் தின்னும். தின்னுற சத்தமும் கேக்காது," என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன வருடம் ஆடி பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நானும் என் கணவரும் கார் வாங்கப் போனோம். ஆடியில் வாங்கக்கூடாது, ஆவணி வரை பொறுக்கவும் மனமில்லை. பழைய கார் விற்கும் இடத்தைப் பத்து மணிக்குத் திறந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம். சாம்பல் நிறம், நான்கு சில்லும் இழுக்கும், முகம் தெரியும் அளவுக்கு மினுங்கியது. பக்கத்துக் கராஜில் தூக்கி அடிப்பக்கம் பார்க்க ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். "தூக்கிறதெல்லாம் பேந்து பாப்பம், முதல்ல கையெழுத்தை வை," என்றார் கணவர். பத்து இருபத்தைந்துக்கு வைத்தேன். அக்காவைக் கேட்காமல் வாங்கிய ஒரே கார் அது. நேரே டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய், குங்குமம் வைத்து, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, பின்கண்ணாடியில் ஒரு வேலும் ஒட்டினோம்.

திங்கட்கிழமை வேலைத் தரிப்பிடத்தில் அக்கா அதைச் சுற்றி வந்தார். "மேல குங்குமம் வைச்சாச்சு. கீழ ஆர் பாத்தது?" என்றார். ஒரு காட்போட் பெட்டியைப் பிரித்து நிலத்தில் விரித்தார். ஐம்பத்தாறு வயதில், வெள்ளைச் சீருடையோடு, கையில் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாகக் காருக்கு அடியில் போனார். தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. "இஞ்ச குனிஞ்சு பார்," என்றார். பின்சில்லைத் தாங்கும் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை இறங்கியிருந்தது. தேநீரில் ஊறின பாண் துண்டுக்குள் கத்தி போவதுபோல எந்தத் தடையும் இல்லாமல் போயிருக்கிறது. மேலே புதிதாகக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள்.

"இதுக்குள்ள உன்ர பிள்ளையை ஏத்தாத சாந்தி," என்றார். எனக்குக் கோபம் வந்தது. பொறாமை எரிச்சலில் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

மார்கழியில், திருப்பங்களில் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. வானொலியைக் கூட்டி வைத்தேன். மாசியில் வானொலியையும் மீறிக் கேட்டது. கராஜில் தூக்கிப் பார்த்தவர், இதைத் திருத்த முடியாது, ஒருநாள் ஓடும்போதே சில்லு கழன்று போகும் என்றார். "கார் உடைக்கிற இடத்துக்குக் குடுத்திடு. ஆருக்கும் வித்துப்போடாத," என்று அக்கா இரண்டு தரம் சொன்னார்.

நான் விற்றேன். பங்குனியில், விளம்பரம் பார்த்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். நாட்டுக்குப் புதியவர்கள், நம்மவர்கள் அல்ல. காலில் சிவப்புச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண்குழந்தை பின்சீட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தது. "கீழே துரு ஏதும் இருக்கிறதா?" என்று தகப்பன் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். நன்றி சொல்லிக் கைகொடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் பெரிய வெற்றிபோலச் சொன்னேன். அவருடைய கை பாதியில் நின்றது.

"ஆருக்கு?"

"தெரியாதக்கா. ஒரு சின்னப் பிள்ளையோட வந்தினம்."

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "இப்ப ஃபோன் எடுத்துச் சொல்லு," என்றார். பேந்து எடுக்கிறேன் என்றேன். மூன்று கிழமை கழித்து அவர் என் பக்கத்தில் நின்று எடுக்கவைத்தபோது, அந்த எண் பாவனையில் இல்லை என்று குரல் சொன்னது. காரின் உரிமையைப் பெயர் மாற்றிய அலுவலகத்தில் பிறருடைய விலாசம் தரமாட்டார்கள். இங்கே இலக்கத்தகடு காரோடு போவதில்லை; என் பழைய தகடு என்னிடமே இருந்தது, ஆகவே அதைக்கொண்டும் தேட வழியில்லை.

அன்றிலிருந்துதான் அவர் குனிந்து பார்க்கத் தொடங்கினார். கடைத் தரிப்பிடங்களில், கோயில் வாசலில், பாடசாலை விடும் நேரத்தில், சாம்பல் நிறக் கார் எது நின்றாலும் போய் பின்கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு சில்லுக்குப் பக்கத்தில் குனிவார். நீங்கள் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பத்மாவுக்குக் கொஞ்சம் தட்டிவிட்டது, காரோடு கதைக்கிறா என்று சொல்லிச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள். கோயில் தேரன்று யாரோ என்னிடமே அப்படிச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் தேடியது என்னுடைய காரை. அதை அவர் தன் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்கு மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. நெஞ்சுக்குள் நோய் எப்போதோ இறங்கிவிட்டது, வெளியில் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். என்னைக் கண்டதும் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"அந்தக் காரைக் கண்டியோ?"

"இல்லையக்கா."

ஜன்னலைப் பார்த்தார். "ஸ்நோ வரப்போகுது," என்றார்.

இதை எழுதி முடித்ததும் முதலில் நிரோவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். என்னோடு கோபித்தாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை. உள்ளே போய் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து தந்தாள். "அப்பிடியே போடுங்கோ அன்ரி. ஒண்டையும் வெட்டாதேங்கோ," என்றாள். பத்மா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான், அதோடு அவர் முடிக்காமல் விட்ட தேடலும். இப்போது நான் குனிகிறேன். போன சனிக்கிழமை ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இன்று காலை இந்தக் குளிர்காலத்தின் முதல் உப்பு லொறி எங்கள் தெருவால் போனது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே அக்காவை அறிந்த உங்களிடம் கேட்கிறேன். சாம்பல் நிறக் கார். இடது பின்கதவில் உள்ளங்கை அளவு நெளிவு. பின்கண்ணாடியின் மூலையில் ஒரு வேல், பாதி உரிந்திருக்கும். உள்ளே சிவப்புச் சப்பாத்துப் போட்ட குழந்தை இருக்கலாம், இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும். எங்கே கண்டாலும் மறித்து நிறுத்துங்கள். பிள்ளையை முதலில் இறக்கச் சொல்லுங்கள். கீழே துரு இல்லை என்று சொன்னவள் பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள். அவள் பெயர் சாந்தி என்றும் சொல்லுங்கள்.