உச்சி வெயிலில் கிரிவலம்

அதிகம் செலவில்லாத சுற்றுலாவாக நானும் மனைவியும் திருவண்ணாமலைக்குப் போனோம். லாட்ஜில் பையை வைத்ததுமே மலை என்னை இழுத்தது. செருப்பை அறையிலேயே விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பலாம் என்றேன்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்க. சாயங்காலமா போலாமே."

"ரூம்ல தூங்கவா பஸ் ஏறி வந்தோம்?"

"சரி, உங்களுக்கு மோட்சம் இன்னைக்கே வேணும். நடங்க."

தார்ச்சாலை கொதித்தது. நான் நிழலுக்கு நிழல் தாவினேன். அவளோ ஆற்றோரம் உலாவுகிறவளைப் போல நிதானமாக முன்னே போனாள். அவள் பக்தியை வியந்தபடியே பின்தொடர்ந்தேன். வழியில் ஒரு லிங்கக் கோயிலின் கல்தளத்தில் அவள் ஏறியபோது, மிதித்த இடமெல்லாம் சிவப்பாக ஈரம் படிந்தது. உள்ளங்கால் தோல் உரிந்து தொங்கியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியேங்க" என்றாள் பயந்துபோய்.

பல வருடச் சர்க்கரை நோய் அவள் பாதங்களின் உணர்வைத் தின்றிருந்தது. கால் மதமதவென்று இருக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் "நடந்தா சரியாயிடும்" என்றவன் நான். மிச்ச விடுமுறை மருத்துவமனையில் கழிந்தது. புண் ஆற மாதங்களாயின. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது தினமும் அவள் உள்ளங்கால்களை விளக்கருகே வைத்துப் பார்க்கிறேன். கோயிலுக்குப் போனால், அவள் செருப்பைக் கழற்றுமுன் தரையில் என் உள்ளங்கையை வைக்கிறேன். சுட்டால், எந்தச் சாமியானாலும் சாயங்காலம்வரை காத்திருக்கட்டும்.