சாமியிடம் சொல்லிவிட்டுக் கொடுத்த மாத்திரை

பூக் கேட்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க நாச்சியம்மாளுக்கு மனம் வராது. தண்ணீருக்குப் போர் போடுவதா, நாத்தனார் மகளுக்கு ஈரோட்டு வரன் சரிப்படுமா, வீட்டுக்கு மேலே மாடி எடுப்பதா, எல்லாவற்றுக்கும் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி வெள்ளகோவில் பக்கத்திலிருக்கும் குலதெய்வத்தின் முன்னால் போய் நின்றுவிடுவாள். பூசாரி ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் மடித்துச் சாமி காலடியில் போடுவார். பக்கத்தில் நிற்கும் குழந்தை ஏதாவது ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். போர் போட வெள்ளைதான் வந்தது. போட்டதில் புழுதி மட்டும்தான் வந்தது. கணவர் மோகன்குமார் கேலி செய்ததற்கு, "போர் போடலாமான்னுதானுங்க கேட்டோம், தண்ணி வருமான்னா கேட்டோம்" என்று சாமிக்காக வக்கீல் மாதிரி வாதாடினாள்.

தொண்ணூற்றாறில் அவளுக்கு வந்த கவலை போர்க் குழியைவிட ஆழமானது. ஒரே மகள் அக்ஷயா பத்தாம் வகுப்பு. வாய் ஓயாத பெண். வீடே அவள் சிரிப்பில்தான் விடியும். ஆனால் கையில் எடுத்த எதையும் முடிக்க மாட்டாள். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் குழாயை மூடச் சொன்னால், மூடப் போகிற வழியில் வேறெதையோ பார்த்து நின்றுவிடுவாள். தெருவே நனைந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏசிவிட்டுப் போவார்கள். பேனா, குடை, செருப்பு என்று அவள் தொலைத்ததை வைத்து ஒரு கடையே நடத்தலாம். "பொட்டப்புள்ளைக்கு இத்தனை அசால்ட்டு ஆகாது" என்று நாச்சியம்மாள் திட்டாத நாள் கிடையாது. அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளின் மறுபக்கத்தைத் திருப்பாமலேயே எழுந்து வந்துவிட்டாள். திருப்பியிருந்தால் அத்தனையும் தெரிந்த கணக்கு. அன்று அவள் சிரிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மோகன்குமார் யாரிடமோ விசாரித்து, ராம்நகரில் இருந்த டாக்டர் சென்னகேசவனிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் அக்ஷயாவோடு வெகுநேரம் பேசினார். எதையெதையோ எழுதச் சொன்னார், படம் பார்த்துச் சொல்லச் சொன்னார். கடைசியில் பெற்றவர்களைப் பார்த்து, "பாப்பா சோம்பேறி இல்லீங்க. மனச ஒரு எடத்துல நிறுத்தி வைக்கறது அவளுக்கு நம்மளவிடப் பல மடங்கு கஷ்டம். கவனக் குறைபாடுன்னு இதுக்குப் பேரு" என்றார். ஒரு மாத்திரை இருப்பதாகவும், எல்லாக் கடையிலும் கிடைக்காததால் தானே வரவழைத்துத் தருவதாகவும் சொன்னார். பசி குறையலாம், தூக்கம் கெடலாம் என்பதையும் மறைக்கவில்லை. "சின்ன அளவுல ஒரு மாசம் பாக்கலாம். ஒத்து வரலைன்னா நிறுத்திக்கலாமுங்க. கட்டாயமில்லை. வீட்ல கலந்து பேசிட்டு வாங்க."

கலந்து பேசினார்கள் என்று சொல்ல முடியாது. மோகன்குமார் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். "மிசினு சிக்குச்சுன்னா ஆயில் ஊத்தறதில்லையா, அப்படித்தான்" என்றார்.

"எம்புள்ள மிசினுங்களா?" என்று கேட்டுவிட்டு நாச்சியம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய அண்ணன் ஒருவர் இருந்தார். ஊர்ச் சிரிப்பையெல்லாம் தன் வாயில் வைத்திருந்தவர். கல்யாண வயதில் மனநிலை கெட்டுப்போய் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார். திரும்பிய முகத்தில் அண்ணன் இருக்கமாட்டார். அது வேறு நோய், வேறு மருந்து என்று டாக்டர் பொறுமையாக விளக்கியும் அவள் வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. மார்க் குறைந்தால் குறையட்டும், மகள் அப்படி ஆகிவிடக் கூடாது. இதற்கு மேல், சொந்தபந்தமான ஒறம்பரைக்காரர்களுக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற கவலை வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மாத்திரை கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. பொட்டலம் எடுக்கச் சின்னக் குழந்தை எதுவும் அங்கே இல்லை. "நீயே எடு கண்ணு" என்றார் பூசாரி. அக்ஷயா கண்ணை இறுக மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டு எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

நாச்சியம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சாமியே வேண்டாம் என்றுவிட்டது. திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பினால் மகளைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில் முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"வெள்ளப் பூ வரோணும்னு கும்பிட்டேம்மா."

நாச்சியம்மாளுக்கு முதலில் விளங்கவே இல்லை. "மாத்திரை வேணுமுங்கறயா?"

"கிளாஸ்ல டீச்சர் பேச ஆரம்பிப்பாங்க. கேட்டுட்டேதான் இருப்பேன். அப்பறம் பாத்தா பெல் அடிச்சிருக்கும். நடுவுல நான் எங்க போனேன்னு எனக்கே தெரியாது. எல்லாரும் திட்டறாங்க, நானும் என்னையே திட்டிக்கறேன். சோம்பேறி இல்லைன்னு அந்த டாக்டர் ஒருத்தர்தான் சொன்னாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "சாமிகிட்டக் கேட்டே. எங்கிட்ட ஒருவாட்டி கேட்டியாம்மா?"

சுருக்கென்றது நாச்சியம்மாளுக்கு. இத்தனை நாளும் அது அசட்டையால் வரும் சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்தப் பெண் சிரித்தது? பக்கத்தில் உட்கார்ந்து மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து நேராகச் சாமி முன்னால் போய் நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. ஒரு மாசம் குடுத்துப் பாக்கறேனுங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அன்னிக்கே நிறுத்திப்போடறேன். கோவமிருந்தா எம்மேல காட்டுங்க, அவ மேல வேண்டாமுங்க."

பூசாரி பதறிப்போனார். "பூ வந்த பொறவு சாமிகிட்டப் பேரம் பேசறீங்களே அம்மணி."

"பேரமில்லீங்க. சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

மாத்திரை தொடங்கியது. காலையில் இட்லியோடு ஒன்று. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிபன் பாக்ஸ் போட்டபடியே திரும்பி வந்தது. ராத்திரி மகள் புரண்டு புரண்டு படுத்தாள். சாமி கோபம்தானோ என்று இவளுக்கும் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் ஓடினாள். அவர் அளவைக் கொஞ்சம் குறைத்து, மாத்திரைக்கு முன்னால் வயிறாரச் சாப்பிடச் சொன்னார். தூக்கம் திரும்பியது, சோறும் ஓரளவு இறங்கியது.

மாதம் முடியப்போகும் சமயம் ஒரு சனிக்கிழமை. மதியம் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்த அக்ஷயா, வெயில் தாழ்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. அப்படியொரு அமைதியை அந்த வீடு பார்த்ததில்லை. சமையலறை வாசலில் நின்று நாச்சியம்மாள் பார்த்தாள். குனிந்த தலை, அசையாத முதுகு. அண்ணன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

"கண்ணு" என்றாள். பதில் இல்லை.

"ஏங்கண்ணு, காப்பி குடிக்கறயா?" தலை நிமிரவில்லை.

செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம், சாமி சொன்ன பேச்சைக் கேட்காமல் பிள்ளையைத் தொலைத்துவிட்டோம் என்று அவளுக்குக் கண் இருட்டியது. கிட்டே போய்த் தோளைத் தொட்டு, "அக்ஷயா" என்றாள்.

வெடுக்கென்று திரும்பினாள் மகள். "ஐயோ அம்மா, இந்தக் கணக்கு இப்பத்தான் முடியற மாதிரி வந்துச்சு. அக்கட்டால போய்ச் சித்த நேரம் வாய மூடிட்டு இருக்கறயா? காப்பின்னா சர்க்கரை தூக்கலாப் போடு. போன தடவ கசாயம் மாதிரி இருந்துச்சு, அப்பாவே குடிக்க மாட்டாரு." சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டாள்.

வேறொரு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். நாச்சியம்மாள் அடுக்களைக்கு வந்து, அரிசி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணீர் தாரைதாரையாக வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

பட்டறையிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த மோகன்குமார் பயந்துவிட்டார். "ஏன் நாச்சி, என்னாச்சு?"

"உங்க புள்ள என்னைய வாய மூடச் சொல்லிப்போட்டாளுங்க."

"அதுக்கா அழுகறே? இரு, நான் போய்க் கேக்கறேன்."

நாச்சியம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கேக்காதீங்க. ஒரு வார்த்தை கேக்காதீங்க. அவ அவளாத்தான் இருக்கறா" என்றாள்.