பிரேக் பெட்டியில் வறுத்த கடலை

“…வாடை வர்றது நெசந்தான் சார், ஆனா அது எம் பெட்டியோடது இல்ல,” என்றார் எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

பெட்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பெங்களூர்க்காரர். “சுட்ட வாசனெ பர்த்தா இதெயல்லம்மா?” என்று கன்னடத்தில் மூக்கைச் சுருக்கியவர், தமிழுக்குத் தாவினார். “கருகல் வாடை வருதே, உள்ள ஏதோ எரியுது. ரிஜெக்ட் எழுதிடறேன்.” பேனாவையும் திறந்துவிட்டார்.

ஓசூரில் எங்கள் சின்னக் கம்பெனி செய்வது, டீசல் ரயில் இன்ஜினின் கூரையில் உட்காரும் பிரேக் பெட்டி. இரும்புப் பட்டைகளை மடித்து, இடையிடையே பீங்கான் துண்டு வைத்து அடுக்குவோம். இது எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த வாரம் கேட்டேன். அக்கா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

“டீசல எரிச்சு கரண்ட் எடுக்கும். அந்தக் கரண்ட்ல மோட்டார் சுத்தி வண்டி ஓடும். எறக்கத்துல சக்கரம் மோட்டார சுத்த வெக்கும். அப்ப மோட்டாரே கரண்ட் குடுக்கும், அந்த இழுவையில வண்டி அடங்கும். வந்த கரண்ட எங்க வெக்கறது? எலெக்ட்ரிக் வண்டின்னா மேல கம்பிக்கே திருப்பி வுட்டுரும். இதுக்கேது கம்பி? நம்ம பெட்டியில சூடாக்கி, ஃபேன வெச்சு ஆகாசத்துக்கு ஊத வேண்டியதுதான். மொய் வாங்க ஆளில்லாத கல்யாணம்டா இது!”

அந்த ஆகாசத்துக்குப் போகிற காற்றைப் பார்த்துத்தான் எனக்குக் கை அரித்தது. சோதனைக்காகப் பெட்டியில் கரண்ட் விட்டால் மேல்வாயில் வரும் சூட்டுக்கு அடுப்பு தோற்றுப்போகும். அதிகாரி மத்தியானம்தான் வருவார் என்றார்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய கடலையை ஓட்டோடு ஒரு கம்பிச் சல்லடையில் பரப்பி, மேல்வாயில் கட்டி வைத்தேன். டீ நேரத்துக்குச் சரியாக வறுபடும் என்று நினைப்பு. மனுஷன் காலையிலேயே வந்து நின்றார்.

லைன் பொறுப்பு கைக்கு வந்தபின் அக்கா அடுக்கிய முதல் பெட்டி அது. ரிஜெக்ட் ஆனால் அவரை மறுபடி பழைய பேக்கிங் வேலைக்கே அனுப்பிவிடுவார்கள்.

“உன் பெட்டி இல்லன்னா வேற எதும்மா எரியுது?” என்றார் அதிகாரி.

நான் என் ஷூவின் லேஸை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“டேய் மதுரக்காரா, ஸ்டூல எடுத்தா,” என்றார் அக்கா என்னிடம்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டை நிறுத்தி, ஃபேன் ஓய்ந்ததும் ஸ்டூலில் ஏறி, கையுறைக் கையால் சல்லடையை இறக்கினார். அதிகாரி உள்ளே இருந்த கடலையை எட்டிப் பார்த்தார். எனக்கு இன்றோடு சோறு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“யாரு வெச்சாங்கன்றத அப்பறம் நானு பேசிக்கறேன் சார். ஒரு பட்ட கூடுதலா காஞ்சிருந்தா அந்தப் பக்கத்துக் கடல கருகியிருக்கும். ஒண்ணு செத்திருந்தா அங்க பச்சையா நிக்கும். நீங்களே பாத்துருங்க.”

அக்கா சல்லடையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டை உடைத்து, தோலை ஊதித் தள்ளி, அதிகாரி ரிஜெக்ட் எழுதவிருந்த தாளின் மேல் ஒரே நிறத்தில் நான்கு பருப்பை வரிசையாக வைத்தார்.