அசல் இருக்கையைத் தைத்தவர்

ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியைக் குறை சொல்லவே மாட்டார்கள் என்று உலகம் நம்புகிறது. உலகம் குஷன்காரர் கடைப் பக்கம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வண்டி உள்ளே வந்தால் இரண்டு மனிதர்கள் வெளியே போக வேண்டிய அளவுக்குத்தான் இடம். உள்ளே ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்க ரெக்சின் சுருள்கள், மூலையில் கூரையைத் தொடும் ஃபோம் அடுக்கு. அந்த அடுக்கின் மேல்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடுவாள். வெட்டுவது அவள், தைப்பது அவர். முப்பத்தைந்து வருடமாக இந்தப் பங்கீட்டில் மாற்றமில்லை.

அந்த ஊரில் ஜப்பான் வண்டி என்றால் ஒரே ஒரு கம்பெனியின் கார். அது முதலில் வந்து பெயரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கம்பெனியின் வரலாற்றை மற்றவர்கள் எஞ்சினை வைத்துச் சொல்வார்கள். குஷன்காரர் உட்காரும் இடத்தை வைத்துச் சொல்வார். முதல் மாடல் வந்தபோது இருக்கைக்குள் ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் இருந்தன. மேலே பழுப்பு ரெக்சின், வெயிலில் நின்றால் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது சத்தம் போட்டுப் பிரியும். இரண்டாவது மாடலில் துணி வந்தது. குழந்தைகள் சிந்திய எல்லாவற்றையும் அது கடைசிவரை நினைவில் வைத்திருந்தது. மூன்றாவதில் நான்கு அங்குல ஃபோம். அதுதான் பொற்காலம் என்பார் அவர். பிறகு கம்பெனிக்கு எடைகுறைப்பு ஆசை வந்தது. எஞ்சினில் குறைக்கவில்லை, விலையில் குறைக்கவில்லை, நேராக மனிதனின் பின்பக்கத்துக்குக் கீழே கையை வைத்தார்கள். ஃபோம் மூன்று அங்குலமாகி, இரண்டரையாகி, இப்போது வரும் மாடலில் பந்தய வண்டி மாதிரி இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு என்ற ஒன்று விடைபெற்றுப் பத்து வருடம் ஆகிறது என்பதை யாரும் ஜப்பானுக்கு எழுதவில்லை போலிருக்கிறது.

எழுத மாட்டார்கள். எஞ்சின் நிற்பதில்லை, பிரேக் ஏமாற்றுவதில்லை. குறை சொல்ல வாய் ஊறுகிறவன் எங்கே போவான்? குஷன்காரரிடம் வருவான். முதுகுவலி, முழங்கால்வலி, மாமியார் பின்சீட்டில் ஏற மறுத்தது, எல்லாப் பழியும் கடைசியில் இவர் தலையில் விடியும். ஒரு கான்ட்ராக்டர் தன் வண்டி மைலேஜ் குறைந்ததற்குக்கூடச் சீட் கவரைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இத்தனையும் கேட்டுக்கொள்ளும் குஷன்காரருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். அதன் சீட்டில் உறை கிடையாது.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் அவர் மனைவியின் தம்பி வந்தான். அவன் ஜப்பான் வண்டி ஷோரூமில் விற்பனைப் பிரிவு. கழுத்தில் டை, கையில் எப்போதும் ஒரு கோப்பு. கம்பெனி அந்த ஊருக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறதாம். கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். ஊரில் விற்ற முதல் வண்டியைப் பல் டாக்டர் அம்மாவிடமிருந்து கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பெயின்ட் அடித்தாயிற்று, இருக்கை மட்டும் பாக்கி. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

பல் டாக்டர் அம்மா வண்டி என்றதும் குஷன்காரர் சிரித்துவிட்டார். அந்த வண்டியின் இருக்கையை அவர் ஏற்கெனவே இரண்டு முறை தைத்தவர். முதல் முறை, வண்டி வாங்கிய மூன்றாவது வருடம். ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கம்பெனிக்கு அம்மா நான்கு கடிதம் எழுதினார். பதிலாக ஒரு காலண்டர் வந்தது.

பழைய பழுப்பு ரெக்சின் எங்கும் கிடைக்கவில்லை. மூடிப்போன பஸ் பாடி பட்டறை ஒன்றின் கிடங்கில் தேடி, எலி தொடாத ஒரு சுருளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். உள்ளே நாருக்குப் பதில் புது ஃபோம்தான், அது வெளியே தெரியப்போவதில்லை. இந்த முறை இருக்கையை முழுதாகப் பிரித்தபோது, சட்டத்தின் இரும்புக் கவ்விக்கு அடியில் அசல் உறையின் ஒரு துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம் இருக்கும். அதில் தையல் நேராக இல்லை. ஜப்பானில் என்றைக்கோ ஒருவருக்குக் கை நழுவியிருக்கிறது. அன்று திங்கட்கிழமையாக இருந்திருக்கலாம்.

நேராகவே தைத்துவிடுங்கள் என்றாள் மனைவி. குஷன்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியே வேண்டும் என்றால் அப்படியேதான். ஆனால் கை கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் நேராக ஓடிய கை, கோணலாக ஓடு என்றால் திகைத்து நின்றது. மூன்று முறை தைத்து மூன்று முறை பிரித்தார். நாலாவது முறைதான் அந்தக் கோணல் வந்தது.

"ஊர்ல எல்லாரும் நேரா தைக்கத் தெரியாம கஷ்டப்படுவாங்க. உங்களுக்கு மட்டும் தலைகீழா ஒரு கஷ்டம்" என்றாள் மனைவி.

கூலி கேட்டதற்கு மேலேயே, அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. பின்னால் கோபப்பட நேர்ந்தபோது இந்த ஒரு விஷயம் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

கண்காட்சி திறந்த மறுநாள் இருவரும் துவைத்த துணி உடுத்திக்கொண்டு போனார்கள். டயர் கடைக்காரரிடமும் பேட்டரி கடைக்காரரிடமும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஷோரூம் நடுவில், சிவப்புக் கயிறு கட்டி, மேலே விளக்கு போட்டு, முதல் வண்டி நின்றது. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். இருக்கை அப்படி ஒரு அழகு. பக்கத்தில் ஒரு பலகை. அதில் இப்படி எழுதியிருந்தது: ‘முப்பத்தைந்து ஆண்டுகள். ஒரு தையல்கூடப் பிரியாத அசல் இருக்கை. இதுவே எங்கள் தரம்.’

குஷன்காரர் மூன்று முறை படித்தார். மனைவிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது என்பதால் நாலாவது முறை வாய்விட்டுப் படித்தார். படிக்கும்போதே குரல் மாறிவிட்டது.

அத்தோடு போயிருந்தால் வயிற்றெரிச்சலை வீட்டிலேயே வைத்துப் பூட்டியிருக்கலாம். கண்காட்சியைப் பார்த்த ஜனங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மைலேஜ் கான்ட்ராக்டர்தான் முதலில் வந்தார். நாலு வருடத்துக்கு முன் இவர் தைத்த உறையை வண்டியிலிருந்து பாதி இழுத்துக் காட்டினார். அதன் மேல் அவர் தினமும் இரும்புக் கம்பி ஏற்றிப் போவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அங்க போய்ப் பாருங்க. முப்பத்தஞ்சு வருஷம், ஒரு நூல் பிரியல. அதுக்குப் பேர் தையல். நீங்களும் தைக்கிறீங்களே."

தான் தைத்ததைத் தன்னிடமே காட்டி இப்படித் தைக்கக் கற்றுக்கொள் என்று சொல்லக் கேட்ட மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அது நான்தான் தைத்தது என்று சொன்னார் குஷன்காரர். கான்ட்ராக்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அடுத்த வாரத்தில் ஆறு பேர் கம்பெனி உறையே போட்டுக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். டாக்ஸிக்காரர் ஒருவர் தைக்கக் கொடுத்ததைப் பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டார். டயர் கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பொய் சொல்லிப் பெருமை தேடுகிற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். குஷன்காரருக்குச் சொத்து என்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அந்தக் கைக்கே ஊரில் பெயர் போய்க்கொண்டிருந்தது.

மைத்துனனைக் கூட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்று, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றுமே செய்ய முடியாது என்பதை மிக அழகாக விளக்கினார். பலகை மேலிடத்திலிருந்து வந்தது. மேலிடத்துத் தர அதிகாரியே அன்று வந்திருந்தார். அவர் டார்ச் அடித்து, குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரத்தில் விரல் நீளத்துக்குத் தையல் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். இதே வண்டியை விற்ற அன்று எடுத்த பழைய புகைப்படம் ஒன்றைக் கைப்பேசியில் தேடி எடுத்தார். அதிலும் அதே கோணல்.

அசல்தான் என்று தீர்ப்பளித்தார் அதிகாரி. வெளியில் தைத்ததாக இருந்தால் கோணலைத் திருத்தியிருப்பார்கள் அல்லவா என்றும் கேட்டார். மிக நியாயமான கேள்வி. மைத்துனன் தன் ஷூவின் பளபளப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவன்தான் வேலையைக் கொண்டுவந்து கொடுத்தவன், அவன்தான் இருக்கையை வண்டியில் மாட்டும்போது ஒரு பக்கம் பிடித்தவன்.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "மாமா, எனக்கு இன்னும் ரெண்டு மாசத்துல பதவி உயர்வு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நீ உயர்றதுக்கு நான்தான் மாப்ள சீட் தைச்சுப் போட்டேன்" என்றார் குஷன்காரர். "உக்காந்துக்க."

பிறகு பல் டாக்டர் அம்மாவிடம் போனார். எண்பது வயதிலும் எதிரே இருப்பவரின் வாயைத்தான் முதலில் பார்ப்பார் அந்த அம்மா. கண்காட்சியின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ‘முதல் உரிமையாளரின் கருத்து’ என்று அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பலகையில் இருந்ததைக் கேட்டதும் அவர் பொய்ப்பல் செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டார். நிஜமாகவே கோபம் வந்தால் அதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் நிரம்பியிருந்தது. டாக்டர் அம்மா மைக்கைப் பிடித்து எஞ்சினைக் கால் மணி நேரம் பாராட்டினார். மலைப் பாதை, வெள்ளம், ஒரு முறை வண்டியிலேயே பிறந்த குழந்தை, எதிலும் அந்த எஞ்சின் கைவிடவில்லை. மேனேஜர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் அம்மா சொன்னார்: "சீட்டு மட்டும் மூணாவது வருஷமே கிழிஞ்சுது. ஸ்பிரிங் குத்தி, ரெண்டு மாசம் தலகாணி போட்டு ஓட்டினேன். இப்ப அங்க இருக்கிறது இதோ நிக்கிறாரே, இவர் தைச்சது."

மேனேஜர் மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு வயசாச்சு, ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அவங்க அன்புக்கு நன்றி என்றார். ஜனங்கள் அன்போடு கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் தாங்க முடியாமல் போயிற்று. தன்னைப் பொய்யன் என்றதைக் குஷன்காரர் பத்து நாள் விழுங்கியிருந்தார். எண்பது வயது மனுஷியைப் புத்தி பிசகியவள் ஆக்கியதை விழுங்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டினார். காவலாளி வருவதற்குள் வண்டிக்குள் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார். தைத்ததைத் தானே பிரிப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காது. இதுவோ அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே நல்ல தையல். இடது ஓரத்தில், அந்தக் கோணலில் கத்தியை விட்டார். விரல் நீளம் பிரிந்தது. பிறகு ஒரு சாண். பழுப்பு ரெக்சின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து பால் மாதிரி வெள்ளை ஃபோம் எட்டிப் பார்த்தது.

முப்பத்தைந்து வருடத்து ஃபோம் எந்த நிறத்தில் இருக்கும் என்று அங்கிருந்த ஒவ்வொரு கார்க்காரருக்கும் தெரியும். அதிலும் முதல் மாடலில் ஃபோமே கிடையாது, நார்தான் என்று முதல் வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

குஷன்காரர் இறங்கினார். "அசல்னு சொன்னீங்க இல்ல? கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, இருந்த மாதிரியே தைச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மனைவியையும் டாக்டர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

கம்பெனி ஆள் வந்தார். ஒருவரல்ல, இருவர். நேராகத் தைத்தார்கள், கோணல் வரவில்லை. கோணலாகத் தைத்தார்கள்; குடித்துவிட்டுத் தைத்தது போல் இருந்தது. மூன்றாம் நாள், நீங்களே மறுபடி தைத்துக் கொடுங்கள் என்று கேட்க மைத்துனன் கோப்போடு கடைக்கு வந்தான். அதற்குள் புதுப் பலகைக்கான வாசகம் இருந்தது: ‘கம்பெனியின் பயிற்சி பெற்ற கலைஞர்களால் புதுப்பிக்கப்பட்ட இருக்கை.’

"உங்க கம்பெனி எனக்கு எப்ப மாப்ள பயிற்சி கொடுத்துச்சு?" என்று கேட்டார் குஷன்காரர். கோப்பு திரும்பிப் போனது.

இரண்டாவது வாசகத்தில் ‘உள்ளூர்க் கைவினைஞர்’ என்று இருந்தது. ஊரில் யாரும் தன்னை அப்படிச் சொல்வதில்லை, படிக்கிறவன் வேறு யாரையோ தேடுவான் என்று அதையும் திருப்பினார். மூன்றாவது முறை மைத்துனன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். டை இல்லை.

"நானே மேலிடத்துல சொல்லிட்டேன் மாமா. மாட்டும்போது ஒரு பக்கம் நான்தான் பிடிச்சேன்னு."

"பதவி?"

"அது வரும்போது வரட்டும். நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அக்கா அவனுக்குச் சாப்பாடு போட்டாள். பத்து நாளாக அவனுக்கு அந்த வீட்டில் தண்ணீர்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே எழுதிக்கொண்டான். பலகை இரண்டே வரி. ‘அசல் இருக்கை மூன்றாம் வருடம் கிழிந்தது. இது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குஷன் கடையில் கணவனும் மனைவியும் வெட்டித் தைத்தது.’ முதல் வரிக்கு மேலிடம் மூன்று நாள் மூச்சு விடவில்லை. வாய் பிளந்து கிடக்கும் இருக்கையை வைத்துக்கொண்டு கண்காட்சி நடத்த முடியாததால், நான்காம் நாள் சம்மதித்தது.

பலகை மாட்டியதைப் பார்த்த பிறகே குஷன்காரர் ஊசியை எடுத்தார். ஒரு சாணைத் தைத்து முடித்து இறங்கிய நேரத்தில் மைலேஜ் கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. இருக்கையைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "என்ன இருந்தாலும் கம்பெனித் தையல் கம்பெனித் தையல்தான்" என்றார்.

குஷன்காரர் அவர் முழங்கையைப் பிடித்துப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சத்தமா படிங்க" என்றார்.

கான்ட்ராக்டர் படித்தார். ‘கணவனும் மனைவியும்’ என்ற இடத்தில் குரல் இறங்கியது. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, என்று மனைவி கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் அடுத்து வந்தவரின் முழங்கை. ஷோரூம் மூடும்வரை கணவனும் மனைவியும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, பதினேழு பேரைப் படிக்கவைத்தார்கள்.