ஒரு பையில் இரண்டு மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘விரல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். பதினெட்டு வருஷமாக அந்த விரல் சொன்னதை இயந்திரம் மறுத்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான்.

அன்று முதல் சிட்டிகை வழவழவென்று ரிப்பனாக நீண்டது, களிமண். அதே பையிலிருந்து எடுத்த அடுத்தது நறநறவென்று உதிர்ந்தது, மணல். பை, அவரைக்காய்த் தோட்டக்காரம்மாவுடையது. அவருடைய குத்தகை நிலத்தில் சரிவின் கீழ்ப்பாதியில் மட்டும் இரண்டு வருஷமாகச் செடிகள் மஞ்சளடிக்கின்றன. வேருக்கு நுண்ணுயிர்ப் பொடி போட்டும் பலனில்லை. போன வருஷ அறிக்கையோ நுண்ணுயிர் போதுமென்றது. இந்த முறையும் காரணம் தெரியாவிட்டால் கீழ்ப்பாதியை விட்டுவிடுவதாக இருந்தார்.

மாதிரி எடுத்து வந்தவர் அவள் கணவர், அதே கூடத்து ஊழியர்.

“இது ரெண்டு மண்ணு. ஏன் ஒரே பையில போட்டீங்க?”

“பத்து இடத்துல எடுத்து ஒண்ணாக் கலக்கணும்னு சுவத்துல எழுதி ஒட்டினது யாராம்?”

அவளேதான்.

“தப்பு என்னோடதுதான். போன வருஷம் மேல் மண்ணோட கலந்துதான் கீழ்ப்பாதியோட குறை தெரியாமப் போச்சு. நல்லவேளை, இந்தத் தடவ நீங்க சரியாக் கலக்கல. வண்டிய எடுங்க.”

மேலுக்கு ஒரு பை, கீழுக்கு ஒரு பை என்று எடுத்து வந்து சோதித்தார்கள். மேல் மண்ணில் இருந்த நுண்ணுயிரில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கீழ் மண்ணில் இல்லை.

“கீழ இருக்கறது மணல். மணல்ல தண்ணி நிக்காது, சத்தும் ஒட்டாது. களிமண்ணுல நுண்ணுயிர் ஒளிய இண்டு இடுக்கு இருக்கு, சாப்பாடும் ஒட்டிக்கிட்டு நிக்கும்,” என்றாள் தோட்டக்காரம்மாவிடம். “வீடே இல்லாத இடத்துல குடித்தனம் வச்சா யாரு இருப்பா? மேல இருந்து களிமண்ண அள்ளிட்டு வந்து, மக்கின உரத்தோட கலந்துட்டு, அப்புறம் பொடியப் போடுங்க. நிலத்த விட்டுடாதீங்க.”

“இது உங்க விரல் சொல்லுதா, மிஷின் சொல்லுதா?”

“ரெண்டும்.”

அடுத்த விளைச்சலில் அவர் ஒரு செடியை வேரோடு கொண்டுவந்து மேசையில் போட்டார். வேர்முடிச்சு ஒன்றை அவள் பிளேடால் கீறினாள். உள்ளே நல்ல சிவப்பு, நுண்ணுயிர் குடியிருந்து வேலை செய்யும் முடிச்சு.

“கீழ்ப்பாதியா?”

“கீழ்ப்பாதிதான். குத்தகைய இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எழுதிட்டேன்.”

அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அவர் போனதும் சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். மண் மாறினால் பையும் மாற வேண்டும் என்று புதிதாக எழுதி ஒட்டினாள். பிறகு அலமாரியைப் பார்த்து நின்றாள்.

“பழைய பதிவேட்ட எல்லாம் இறக்குங்க.”

“எல்லாமா? பதினெட்டு வருஷம்டி.”

“ஆமா. இந்தம்மா கேட்டாங்க, தெரிஞ்சுது. இப்படிக் கலந்த மண்ணோட அறிக்கைய நம்பி, கேக்காமலே நிலத்த விட்டவங்க எத்தன பேரோ. முதல் வருஷத்துல இருந்து ஆரம்பிப்போம்.”