றஸாக்கின் வெல்டிங் முகமூடி

சாய்ந்தமருது மீன்காரர்களின் மோட்டார் சைக்கிள் சைலன்சர்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வெடிக்கும். மீன் பெட்டியில் கரையும் ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டுகிற இடத்தில். அதனால்தான் வெல்டிங் கடை றஸாக்கால் இவ்வளவு காலம் சமாளிக்க முடிந்தது. கண் மங்கிய பிறகும் கை அந்த இடத்துக்குத் தானாகவே போனது.

வெல்டிங் வெளிச்சம் தின்ற கண்கள். எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கருமை குந்தியிருந்தது. இனித் திரும்பாது என்று டொக்டர் சொன்னதை மனைவி பஸ்லியாவிடம்கூட அவர் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் ஒரு சைக்கிளும் கடைக்கு வராது. வேறு தொழிலும் தெரியாது.

அன்று காலை, சம்மாந்துறைக்கு மீன் கொண்டுபோகும் ஸஹீத் தெருவே அதிர வந்து நின்றான்.

"கெதியா ஒட்டித் தாங்க காக்கா. சத்தத்துக்குப் பொலிஸ் மறிக்கான். ஐஸும் கரையிது."

"ஒண்ட மீன விட ஒண்ட சைக்கிள்தான் கூட நாறுது."

ஸஹீத் சிரித்தான்.

என்ஜின் ஓட, றஸாக் சைலன்சரின் வாயை ஈரத் துணியால் அடைத்தார். புகை வழக்கமான இடத்தில் சீறவில்லை. சீறிய இடத்தை விரலால் தடவி மனதில் வைத்துக்கொண்டார். முகமூடியை இறக்கியதும் அந்த இடம் தொலைந்தது. குத்துமதிப்பாக ஒட்டினார். ஸ்டார்ட் பண்ணினால் அதே சத்தம். மறுபடி ஒட்டினார். அதே சத்தம்.

ஸஹீத் குனிந்து பார்த்தான்.

"காக்கா, வெடிப்பு இங்க இரிக்கி. நீங்க ஒட்டினது அங்க."

றஸாக் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியல்லயா?"

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியல்ல" என்றார்.

கடையில் இருந்தது ஒரே முகமூடி. அதைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"போட்டுக்க. நீ பாத்து எடத்தச் செல்லு."

"அப்ப ஒங்கட கண்?"

"மூடிக்கிறன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியை வைத்தார். இமைக்குள்ளும் சிவப்பாக எரிந்தது. கன்னம் சுட்டது.

"கொஞ்சம் மேல... இன்னும்... ஆ, அதான். அப்பிடியே இழுங்க."

இம்முறை என்ஜின் அடங்கி ஓடியது. ஸஹீத் முகமூடியைத் திருப்பிக் கொடுத்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்று றஸாக்குக்குத் தெரியவில்லை.

"நான் ஒருத்தருக்கும் செல்ல மாட்டன் காக்கா."

வீட்டுப் படலைக்குப் படலை நின்று கதைத்து மீன் விற்கிறவன். சொல்லாமல் இருக்க அவனும் பாடுபடுவான். எத்தனை படலைக்கு?

அவன் போன சத்தம் தேய்வதற்குள் இன்னொரு வெடித்த சைலன்சர் தெருமுனையில் திரும்பி, கடை வாசலில் வந்து நின்றது. வந்தவனின் முகத்தில் கருமை குந்தியிருந்தது. யாரென்று கேட்டால் கண் தெரியாதது பிடிபட்டுவிடும். முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முதலில் வாய் திறக்கட்டும் என்று றஸாக் நின்றார்.